தரையில் ஒட்டிய கோர்டோபா வீடு

ஓய்வு பெற்ற ஆசிரியர்களைத் தேடி வருகிற தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஏதாவது அலுமாரியின் திறப்பை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பவையாகவே இருக்கும். போன மாதம் மெகன் அழைத்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். தென் லண்டனில் நான் ஸ்பானிஷ் கற்பித்த கல்லூரியில் வளர்ந்தவர்களுக்கான மாலை வகுப்பை என்னிடமிருந்து பொறுப்பேற்றவள் அவள். வேல்ஸ் நாட்டுப் பெண், கெட்டிக்காரி. ஆனால் குரலில் களைப்பு இருந்தது.

"வசந்தி, வீடு, அறைகள் பற்றிய பாடத்தை இப்போது திரையில்தான் நடத்த வேண்டுமாம். படத்தில் குளியலறையைத் தொட்டால் குளியலறை என்று ஒரு குரல் ஸ்பானிஷில் சொல்கிறது. எல்லோரும் சரியாகத் தொடுகிறார்கள். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் தரையில் ஏதோ ஒட்டுவீர்களாமே?"

"ஒட்டுவேன்."

"அது என்னவென்று எழுதி அனுப்ப முடியுமா?"

அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். எந்த அகல ஒட்டுநாடா, மேசைகளை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குள் அடங்காமல் போனதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காத தமிழர் லண்டனில் குறைவு. தரை கூட்டும் தும்புத்தடியிலிருந்து வந்தது என்பதே சரியான பதில். அகதியாக வந்த புதிதில் விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. எங்கள் குழுவில் என்னைத் தவிர எல்லோரும் கொலம்பியாவிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் வந்த பெண்கள். எனக்கு அப்போது ஆங்கிலமும் சரியாக வராது, அவர்களுக்கும் வராது. பெரும்பான்மையின் மொழியைப் படித்துக்கொள்வதுதான் புத்தி என்று பட்டது.

மற்றவர்களுடைய அறைகளைக் கூட்டித் துடைக்கிறவர்கள் தங்கள் வீட்டு அறைகளைப் பற்றித்தான் ஓயாமல் பேசுவார்கள். லூஸ் என்றொருத்தி இருந்தாள். கொலம்பியாவின் கடற்கரை நகரத்தில் அவளுடைய தாய் வேலை செய்த பழைய வீட்டின் கதவில் பித்தளைப் பல்லி ஒன்று இருந்ததாம். அதைத் தூக்கித்தான் கதவைத் தட்ட வேண்டும். ஸ்பானியர் காலத்தில், கதவில் இருப்பது பல்லியா சிங்கமா என்று பார்த்தே உள்ளே இருப்பவர் யாரென்று சொல்லிவிடுவார்களாம். இதையெல்லாம் கண்ணாடிச் சுவரைத் துடைத்துக்கொண்டே சொல்லுவாள். எனக்கு முதலில் வந்த ஸ்பானிஷ் சொற்கள் கதவு, பலகணி, படிக்கட்டு, முற்றம். வணக்கம் சொல்லக்கூட அதற்குப் பிறகுதான் பழகினேன்.

பிறகு பகுதி நேரப் பட்டம், ஆசிரியப் பயிற்சி, கலியாணம், இரண்டு பிள்ளைகள். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நித்திரை காணாது, அவ்வளவுதான்.

கல்லூரியில் எங்கள் பிரிவுக்குத் தலைவி பிலார். தெற்கு ஸ்பெயினில் காதிஸ் என்ற துறைமுக நகரத்துக்காரி. ஒல்லியாக, உயரமாக, எப்போதும் நின்றுகொண்டே இருப்பாள். அவளுடைய அறையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவளுடைய கோட்டுத்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்பானிஷில் வ எழுத்தை ப போல உச்சரிப்பார்கள் என்பதால் நான் அவளுக்குக் கடைசிவரை பசந்திதான். ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்பாள். பிறகு மறந்துவிட்டாளோ என்று நாம் சந்தேகப்படும் அளவுக்குப் பேசாமல் இருப்பாள். பிறகு ஒரே ஒரு வசனம் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் தவணையில் என் வகுப்பைப் பார்க்க வந்தாள். அன்று வீட்டைப் பற்றிய பாடம். பாடப்புத்தகத்தில் வீட்டுப் படம் இருந்தது. லண்டன் புறநகரில் தெருவுக்குத் தெரு இருக்கிற, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு, முன்னால் ஒரு கார். அதற்குள் அறைகளுக்கு ஸ்பானிஷில் பெயர் போட்டிருந்தார்கள். நான் வாசித்தேன், மாணவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பிலார் பின் வரிசையில் நின்றபடி என்னையும் பார்க்கவில்லை, கரும்பலகையையும் பார்க்கவில்லை. குனிந்து மேசைகளுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் சொன்னாள்: "ஒருவருடைய காலும் அசையவில்லை, பசந்தி."

அடுத்த வாரம் மஞ்சள் நாடாச் சுருள் ஒன்றோடு வந்து, மேசைகளைச் சுவரோடு தள்ளச் சொல்லி, முழங்காலில் நின்று தரையில் வீடு ஒட்டினாள். அன்று பார்த்ததைத்தான் கடைசி வருடம் வரை நான் செய்தேன்.

வகுப்பறைக் கதவிலிருந்து உள்ளே இரண்டு இணைகோடுகள். அது ஸகுவான், தெருவுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நடை. தெற்கு ஸ்பெயினில் பழைய வீடுகளின் தெருக்கதவு பகலில் திறந்தே இருக்கும். ஸகுவான் வரை யாரும் வரலாம். அதன் முடிவில் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. அது கான்செலா என்கிற இரும்புப் பின்னல் கதவு. அதனூடாக உள்முற்றத்துப் பூக்களைப் பார்க்கலாம், போக முடியாது. அதற்கப்பால் பெரிய சதுரம். அதுதான் பத்தியோ, உள்முற்றம். நடுவில் கிணற்றுக்குக் குப்பைக்கூடை. சுற்றிவர அறைகள். வெயில் காலத்தில் குடும்பம் கீழே இருக்கும், குளிர்காலத்தில் கட்டிலும் பெட்டியுமாக மேல்மாடிக்குக் குடிபெயரும். சன்னலோரம் அடுக்கிய மேசைகள் அசோத்தேயா, மொட்டை மாடி.

மாணவர்கள் எல்லோரும் வெளியே நடைபாதையில் நிற்பார்கள். ஒருவர் மட்டும் உள்ளே, வீட்டுக்காரர். கதவு தட்டுகிறவரிடம் அவர் யாரென்று கேட்க வேண்டும். வெளியே நிற்பவர் "ஹென்தே தே பாஸ்" என்று சொல்ல வேண்டும். சமாதானத்தோடு வந்த மனிதர்கள் என்று பொருள். பிறகு "சே புவேதே?", வரலாமா? சரியாகச் சொன்னால் உள்ளேயிருந்து "பாசே", வாருங்கள், என்று வரும். பிழையாகச் சொன்னால் பிழை என்று யாரும் சொல்வதில்லை. கான்செலா திறக்காது, அவ்வளவுதான். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு கேள்வி. ஸ்பானிஷில் படுக்கையறை பெண்பால் என்பது தெரியாமல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அரை மணித்தியாலம் கிணற்றடியில் நின்றிருக்கிறார். அடுத்த வகுப்புக்கு வரும்போது வீட்டை மறந்தவர்கள் மிகக் குறைவு. கால் நடந்த இடத்தை வாய் மறக்காது.

எல்லா நாட்டு வீடும் அதற்குள் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்த கொலின் மெக்சிக்கோவுக்குப் போனார். அங்கே ஒரு வாடிக்கையாளர், "நாளைக்கு உங்கள் வீட்டில் சாப்பிடுவோம்" என்றாராம். மெக்சிக்கோவில் மரியாதைக்காரர்கள் தங்கள் வீட்டையே விருந்தாளியிடம் உங்கள் வீடு என்றுதான் சொல்லுவார்கள். கொலினுக்கு வீடென்று இருந்தது ஹோட்டல் அறை. அங்கே மேசை போட்டு, பூ வைத்து, கழுத்துப்பட்டியோடு காத்திருந்தார். நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு குடும்பம் கோழியை ஆறவிட்டு அவருக்காகக் காத்திருந்தது. திரும்பி வந்து வகுப்பில் இதைச் சொன்னபோது அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

குகன் அண்ணை வந்தது பிலாருடைய கடைசி வருடத்தில்.

தென் லண்டனில் டூட்டிங் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், குடியிருப்பது தோர்ண்டன் ஹீத்தில். புரட்டாதியில் தொடங்கிய ஆரம்ப வகுப்பில், கடைசி மேசையில், கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஏன் ஸ்பானிஷ் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பது வழக்கம். ஒருவர் விடுமுறை என்றார், ஒருவர் மருமகள் என்றார். இவர் "பிசினஸ்" என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் போகும்வரை கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக நின்றார்.

"டீச்சர் தமிழெண்டு கடையிலை கதைச்சவை."

"ஓம் அண்ணை. யாழ்ப்பாணம்தான்."

"அப்ப மறைக்காமல் சொல்லுறன். எனக்கு முழுக்கப் படிக்கத் தேவையில்லை. ஈஸ்டருக்கிடையிலை ஒரே ஒரு விசயத்தை வடிவாச் சொல்லப் பழகினால் காணும்."

"என்ன விசயம்?"

"இந்தக் கலியாணத்துக்கு எனக்குச் சம்மதமில்லை எண்டு."

அவருக்கு ஒரே மகள், தர்ஷினி, பல் வைத்தியர். அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அல்வாரோ என்ற ஸ்பானியப் பையனை விரும்புகிறாள். பையனின் ஊர் தெற்கு ஸ்பெயினில் கோர்டோபா. ஈஸ்டர் விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் அங்கே சந்திப்பதாக ஏற்பாடு.

"பெடியன் எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்ல பெடியன். அதுதான் பிரச்சினை. கெட்டவன் எண்டால் மகளே விட்டிட்டு வந்திருப்பாள்."

"அப்ப என்ன மறுப்பு, அண்ணை?"

கோட்டுப் பொத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அவன் ஒருநாள் தன்ரை ஊருக்குத் திரும்பிப் போவான் டீச்சர். வீட்டுப் படம் காட்டினவன். கிணறும் பூச்சாடியும் தூணுமா, அரண்மனை மாதிரிக் கிடக்கு. அப்பிடி ஒரு வீடு இருக்கிறவன் எத்தினை காலத்துக்குத் தோர்ண்டன் ஹீத்திலை குந்தியிருப்பான்? பிள்ளையும் பின்னாலை போயிடுவாள். எங்களுக்கு ஒண்டே ஒண்டு. பிள்ளைக்குச் சொன்னன், கேக்கேல்லை. பெடியனுக்குச் சொன்னன், சிரிக்கிறான். அவனைப் பெத்த தேப்பன் சொன்னாக் கேப்பான். நான் தேப்பனோடை கதைக்க வேணும்."

"இப்ப போனே மொழிபெயர்க்குமே."

"அது பொம்பிளைக் குரலிலை எல்லோ சொல்லும். தேப்பன் கதைக்கிறதைத் தேப்பன்தான் கதைக்க வேணும்."

எனக்கு அந்த இரவு நித்திரை வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. மொழி படித்து வேலை எடுத்தவர்கள் உண்டு, காதலித்தவர்கள் உண்டு, வீடு வாங்கியவர்கள் உண்டு. ஒரு கலியாணத்தைக் குழப்ப மொழி கேட்டு ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. முகம் தெரியாத அந்தப் பிள்ளை ஒருநாள் என்னைச் சபிக்கப் போகிறாள் என்று பட்டது. பிலாரிடம் போய்ச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டாள். வெளியே இரண்டு பஸ் போவதைப் பார்த்தாள்.

"மறுக்கவும் கற்பிக்கத்தான் வேண்டும்," என்றாள். "ஆனால் முதலில் வீட்டுக்குள் போகக் கற்பி. வாசலில் நின்று மறுப்பவனுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்."

அன்று மூன்று வசனம் பேசியிருக்கிறாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

குகன் அண்ணை மோசமான மாணவர். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. "நான் போறன், அவர் போறார், அது சரி. இவங்கள் என்னத்துக்குச் சொல்லின்ரை அடியையும் மாத்துறாங்கள்?" என்று கார்த்திகை வரை சண்டை பிடித்தார். பக்கத்து மேசை பார்பரா, ஓய்வுபெற்ற தாதி, அவருக்காகத் தன் குறிப்புகளைத் திருப்பி வைப்பார். அதையும் பார்க்க மாட்டார்.

பிறகு வீட்டைப் பற்றிய பாடம் வந்தது. நான் தரையில் நாடா ஒட்டி முடித்து, சமையலறையைக் காட்டி, கோசினா என்றேன்.

"குசினி," என்றார் குகன் அண்ணை, கட்டிய கையை அவிழ்த்து.

மேசையைக் காட்டி மேசா என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். அலுமாரி ஆர்மாரியோ. காலில் கிடந்த சப்பாத்து ஸபாத்தோ. போர்த்துக்கேயர் எங்கள் ஊருக்கு வந்து போனபோது வீடு நிறையச் சொற்களை விட்டுப் போனார்கள், ஸ்பானிஷ் அவர்களுடைய பக்கத்து வீடு. இங்கிலீஷ்காரர்கள் எல்லாரும் வாயில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த சொற்கள் இவருக்குப் பிறந்த நாள் முதல் பழக்கம். அந்த மாலையில் கான்செலாவைத் தாண்டி முதலில் உள்ளே போனவர் அவர்தான். முற்றத்தில் நின்று, வீட்டுக்காரராக அன்று வந்திருந்த பிலாரிடம், உற்சாகம் தாங்காமல், கதிரையையும் அதே வழியில் கேட்டார்.

"ஊனா கதேரா, போர் ஃபவோர்."

நாற்காலிக்கு நாங்கள் சொல்லும் கதிரை போர்த்துக்கேயச் சொல்தான். ஆனால் ஸ்பானிஷில் கதேரா என்றால் இடுப்பு. பிலார் தன் இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "மன்னிக்கவும், சென்யோர். இது எனக்குத் தேவைப்படுகிறது," என்றாள். பார்பரா சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து பார்த்தது. குகன் அண்ணையும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். வீட்டுக்குள் நடந்து நடந்தே வினைச்சொல்லும் ஒருவாறு வந்தது. ஒரே ஒரு தடங்கல். கதவைத் தட்டுகிற இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், சமாதானத்தோடை வந்திருக்கிறம் எண்டு சொல்லுறது எனக்குச் சரிவருமோ? நான் மறுக்க எல்லோ போறன்."

"மறுக்கிறது சண்டை இல்லையே, அண்ணை."

யோசித்துவிட்டு, ஓம், அதுவும் சரி என்றார்.

அவர் கேட்ட வசனத்தை மாசியில் கொடுத்தேன். வெறும் மறுப்பாகக் கொடுத்தபோது அவருக்குத் திருப்தியில்லை. "மரியாதை சேருங்கோ. பெடியன்ரை தேப்பன். நீங்கள் எண்டுதான் கதைக்க வேணும்." ஆகவே வசனம் இப்படி முடிந்தது: கோன் தோதோ ரெஸ்பேத்தோ, தோன் ரஃபாயேல், நோ எஸ்தோய் தே அகுவெர்தோ கோன் எஸ்தா போதா. எல்லா மரியாதையோடும் சொல்கிறேன் ரஃபாயேல் அவர்களே, இந்தக் கலியாணத்துக்கு எனக்குச் சம்மதமில்லை. கடையில் அரிசி மூட்டை அடுக்கும்போதும் அதைச் சொல்லுவாராம். அது எந்தத் தெய்வத்துக்குரிய மந்திரம் என்று ஒரு அம்மா பயபக்தியோடு விசாரித்தாராம்.

ஈஸ்டர் வந்தது. அவர் மனைவியோடும் மகளோடும் கோர்டோபாவுக்குப் போனார். நான் ஒரு மத்தியானம் கிழக்கு லண்டனில் அப்டன் பார்க்கில் தங்கை வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. குகன் அண்ணை இரகசியக் குரலில் பேசினார்.

"டீச்சர், நான் மொட்டை மாடியிலை நிண்டு கதைக்கிறன். அசோத்தேயா."

"சொன்னீங்களோ?"

"சொன்னனான். தோதோ ரெஸ்பேத்தோவிலை தொடங்கி முழுக்க. ஒரு எழுத்தும் பிசகேல்லை."

"அவர் என்ன சொன்னவர்?"

"அதுதான் விளங்கேல்லை. என்னைப் பாத்தார். கிணத்தைப் பாத்தார். பேந்து, யோ தாம்போக்கோ எண்டார். தாம்போக்கோ எண்டா என்ன? நீங்கள் அது படிப்பிக்கேல்லை."

உண்மைதான். தாம்போக்கோ அடுத்த தவணைப் பாடம். முருங்கைக்காயைக் கீழே வைத்தேன்.

"'எனக்கும் இல்லை' எண்டு அர்த்தம், அண்ணை. இந்தக் கலியாணத்திலை அவருக்கும் சம்மதமில்லையாம்."

போனில், தூரத்தில் தேவாலய மணி கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு ஒன்று வரும் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அவருக்கு என்ன சம்மதமில்லை?"

"அண்ணை, நீங்கள் போன காரியம் நடந்திட்டுது எல்லோ. ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தானே."

"என்ன ஒரே எண்ணம்? நான் பெத்த தேப்பன். நான் சம்மதமில்லை எண்டு சொல்லலாம். அவர் என்ன குறை கண்டவர் என்ரை பிள்ளையிலை? வந்த நாள் தொடக்கம் அவையோடை ஸ்பானிஷிலை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு திரியிறாள். அவரின்ரை மனிசிக்குப் பல்லுக் கூடப் பாத்து விட்டவள்." இரகசியக் குரல் போய், இப்போது கோர்டோபா முழுக்கக் கேட்டிருக்கும். "டீச்சர், என்ரை பிள்ளையிலை என்ன குறை எண்டு கேக்க ஒரு வசனம் தாங்கோ. இப்ப தாங்கோ."

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. காசு வாங்குகிற பிள்ளை, "அன்ரி, யூ ஓகே?" என்றாள். கையைக் காட்டிவிட்டு, வாழைக்குலைப் பக்கம் ஒதுங்கி நின்று, சொல்லிக்கொடுத்தேன். கே லே ஃபால்தா ஆ மி இஹா? என் மகளுக்கு என்ன குறை? ஃபால்தா என்றால் இல்லாமல் இருப்பது, குறைவது. அவர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இஹா மட்டும் கொஞ்சம் இருமல் போல வந்தது. பரவாயில்லை என்றேன். போனை வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததை அவர் திரும்பி வந்து, வகுப்பு முடிந்ததும், தரையில் ஒட்டியிருந்த முற்றத்தில் நின்றே சொல்லிக் காட்டினார். "இதிலை கிணறு. நான் இந்தப் படியாலை இறங்கி வாறன். அவர் அந்தச் சுவரடியிலை."

ரஃபாயேல் அப்போது பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம். அந்த ஊரில் சாடிகளைச் சுவரில் உயரமாக மாட்டி வைத்திருப்பார்கள். நீளக் கம்பு நுனியில் தகரப் பேணியைக் கட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். குகன் அண்ணை முற்றத்தின் இந்தக் கரையில் நின்று கேள்வியைக் கேட்டார். ரஃபாயேல் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். மெதுவாக, பிறமொழிக்காரனுக்கு விளங்கட்டும் என்று, சொல் சொல்லாகப் பதில் சொன்னார்.

"உங்கள் மகளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் என் மகன் இல்லாமல் போகப் போகிறான்."

குறைவதற்கும் இல்லாமல் போவதற்கும் ஸ்பானிஷில் அதே சொல்தான், ஃபால்தார். ஆகவே அந்தப் பதிலுக்குக் குகன் அண்ணைக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. லண்டனில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிற பெண்ணைக் கட்டினால் பையன் இனி ஊருக்குத் திரும்ப மாட்டான், வீட்டை யாரோ வாங்கி ஹோட்டல் ஆக்குவார்கள் என்பது ரஃபாயேலின் பயம்.

"நான் அவன் என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவான் எண்டு பயந்து போனனான்," என்றார் குகன் அண்ணை. "அங்கை போனால், என்ரை பிள்ளை அவனைக் கூட்டிக்கொண்டு போயிட்டாள் எண்டு அந்த மனிசன் இருந்து அழாக் குறை."

"பேந்து என்ன செய்தனீங்கள்?"

"என்னத்தைச் செய்யிறது? ரெண்டு கதிரை இழுத்துப் போட்டார். சில்யா எண்டு சரியாச் சொல்லித்தான் இருந்தனான். கதைக்கச் சொல் இல்லை. அவர் வீட்டைக் காட்டினார். நான் ஒவ்வொண்டாப் பேர் சொன்னன். கிணறு, படி, தூண், ஓடு. எனக்குத் தெரியாததை அவர் சொன்னார். வீடு முடிஞ்சுது. பேந்து அவர், எனக்கு மகனை இழக்க விருப்பமில்லை எண்டார்." நிறுத்தினார். "நான், யோ தாம்போக்கோ எண்டு சொன்னன்."

பிலார் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கடைசி இரண்டு சொல் மட்டும் விளங்கியிருக்கும். குகன் அண்ணைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் பிள்ளைகள் இருவரும் வெளியிலிருந்து வந்தபோது, தகப்பன்மார் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்று இரண்டு மொழியில் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தர்ஷினி பயந்து பயந்து சொன்னாள், அல்வாரோவுக்கு பிரிஸ்டலில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பேரும் அங்கேதான் போவதாக நினைத்திருக்கிறோம் என்று. பிரிஸ்டல் எங்கே இருக்கிறது என்று ரஃபாயேலுக்குத் தெரியாது. குகன் அண்ணை காற்றில் இங்கிலாந்து வரைபடம் போட்டு, லண்டனிலிருந்து தள்ளி மேற்குக் கரையில் காட்டினார். இரண்டு பேருக்கும் சமமான கோபம். அந்தக் கோபத்தில்தான் அவர்கள் சிநேகிதர்கள் ஆனார்கள் என்று நினைக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் பிரிஸ்டலைத் திட்டி.

தாலி தென் லண்டனில், குரொய்டனில் ஒரு மண்டபத்தில் ஏறியது. மறு வருடம் வைகாசியில் கோர்டோபா வீட்டில் விருந்து. பிலார் அதற்குள் ஓய்வு பெற்றுக் காதிஸுக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அழைப்பு வந்தது.

இதைச் சொன்னால் மெகன் நம்ப மாட்டாள். அத்தனை வருடம் அந்த வீட்டைத் தரையில் ஒட்டியிருக்கிறேன். சுற்றுலாக்காரியாகக் கட்டணம் கொடுத்து அப்படிப்பட்ட முற்றங்களை எட்டிப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் ஆட்கள் குடியிருக்கிற ஒன்றுக்குள், இன்னாருடைய விருந்தாளி என்று, நான் போனதே இல்லை. ஸகுவானில் ஈரமும் இருட்டுமாக ஒரு குளிர்ச்சி இருந்தது. அதை நாடாவால் ஒட்ட முடியாது. முற்றத்துக்கு வந்தால் கண் கூசும் வெளிச்சம், சிவப்புப் பூக்கள், தூணுக்குத் தூண் மாவிலைத் தோரணம். தோரணம் குகன் அண்ணையின் வேலை. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

அவர்தான் என்னைக் கையைப் பிடித்து ரஃபாயேலிடம் கூட்டிக்கொண்டு போனார். "மி ப்ரொஃபெசோரா," என்றார் பெருமையாக. என் ஆசிரியை.

ரஃபாயேல் கட்டையான, தோள் அகன்ற மனிதர். கையைத் துவாயில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். சிரிக்கவில்லை.

"என் வீட்டு முற்றத்தில், என் முகத்துக்கு நேரே, சம்மதமில்லை என்று சொல்ல இந்த மனிதருக்குக் கற்பித்தவர் நீங்களா?"

"ஆம்," என்றேன். வேறு என்ன சொல்வது? "நான்தான்."

"எவ்வளவோ வெளிநாட்டவர்கள் இதற்குள் வந்திருக்கிறார்கள். வீடு அழகு, பூ அழகு, வெயில் அழகு என்று சொல்லுவார்கள். அதை எல்லோருக்கும் கற்பித்துவிடுகிறார்கள். நானும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன்." குகன் அண்ணையை ஒருமுறை பார்த்தார். "எனக்குப் பிடிக்காததை என் மொழியில் வந்து சொன்னது இவர் ஒருவர்தான். அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை."

அந்த நேரம் கதிரைகள் வந்து இறங்கின. அவற்றை வெயிலில் போடுவதா நிழலில் போடுவதா என்று இரண்டு பேரும் வாக்குவாதப்படத் தொடங்கினார்கள். குகன் அண்ணை கையை வீசி வீசி, நிறுத்தாமல், ஸ்பானிஷில் பேசினார். வசனத்துக்கு வசனம் பிழை. கிணற்றடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றையும் திருத்தவில்லை.